பட்டாளம் செங்கல் அறுத்த ஊர்

சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் 'சிஸ்டர்' என்று இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்ததும் அப்பா கைகூப்பிவிட்டார். எங்கள் மதுரைப் பக்கத்தில் சிஸ்டர் என்றால் ஊசி போடுகிறவர், இல்லாவிட்டால் கன்னியாஸ்திரீ. இரண்டு பேருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிடுவது நல்லது. எதிரே நின்ற பெண்ணுக்கு மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு வயது இருக்கும். அவரும் சட்டென்று கைகுவித்துத் தலை தாழ்த்தினார். என் ஒன்பது வயது மகன் இருவரையும் பார்த்துவிட்டு, எங்கே போய் ஒளிந்துகொள்வது என்பதுபோல் சுவரைப் பார்த்தான்.

சான் டியேகோவின் பழைய நகரப் பகுதியில் ஹுவான் தெரு என்று ஒரு ஏற்றமான தெரு உண்டு. அங்கே இருக்கிறது மோர்மன் பட்டாளத்தின் நினைவாக நடக்கும் இந்த அருங்காட்சியகம். ஆங்கிலத்தில் 'பட்டாலியன்' என்கிறார்கள். நமக்குத்தான் பட்டாளம் என்ற சொல் கையிலேயே இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்கிறேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை இதை நடத்துகிறது. மோர்மன்கள் என்று உலகம் அழைப்பது இவர்களைத்தான். வழிகாட்டிகளாக இருக்கும் இளம்பெண்கள் அந்தச் சபையின் ஊழியர்கள். சம்பளம் இல்லாமல் பதினெட்டு மாதம் ஊழியம் செய்ய வந்தவர்கள். அதனால்தான் சிஸ்டர்.

நான் இந்த ஊருக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நாளும் இந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே நுழைந்ததில்லை. இலவசம் என்ற பலகையைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் ஒதுங்கிப்போகும் குணம். அப்பா ஆறு மாதம் தங்க வந்திருந்தார். கடற்கரை பார்த்தாயிற்று, விலங்குக் காட்சிச்சாலை பார்த்தாயிற்று, கோவிலுக்கும் இரண்டு முறை போயாயிற்று. "எல்லாம் பளபளவென்றுதான் இருக்கிறது, பழசாக ஒன்றுமே இல்லையா?" என்று ஒருநாள் கேட்டார். அப்படித்தான் பழைய நகரத்துக்குக் கிளம்பினோம்.

முதல் முறை போனது வீண். சனிக்கிழமை நண்பகலில் காரை எடுத்துக்கொண்டு போனேன். அதைப்போல அறிவுகெட்ட செயல் வேறில்லை. நிறுத்த இடம் தேடி நாற்பது நிமிடம் சுற்றினோம். கடைசியில் மேட்டில் எங்கோ ஓரிடம் கிடைத்து, இறங்கி நடந்து வருவதற்குள் அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிக் கைகள் நடுங்கத் தொடங்கின. பையில் இருந்த ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து, ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம். ஆகவே இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து டிராலியில், அதாவது இந்த ஊர் நகர ரயிலில், போங்கள். நாங்கள் இருக்கும் யுனிவர்சிட்டி சிட்டியிலிருந்து நீல வழித்தட டிராலி நேராகப் பழைய நகர நிலையத்தில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து மெதுவாக நடந்தாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். முதியவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. இரண்டாவது முறை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனோம். மகனுக்குப் பள்ளி விடுமுறை. உள்ளே எங்களோடு இன்னொரு தம்பதியர் மட்டும்தான்.

வரவேற்பறையில் பழைய சட்டங்களுக்குள் படங்கள் மாட்டியிருக்கின்றன. சிஸ்டர் ஒரு படத்தைப் பார்த்து ஏதோ சொல்ல, படத்திலிருந்த மீசைக்காரர் தலையைத் திருப்பிப் பதில் சொன்னார். பக்கத்துப் படத்துக்காரர் குறுக்கே புகுந்தார். அப்பா சற்றுப் பின்வாங்கிச் சட்டத்தின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். படத்துக்குள் திரை இருக்கிறது என்று புரிந்ததும்தான் நிம்மதியானார். பிறகு ஒவ்வோர் அறையாகக் கதவு திறக்கிறது, ஒவ்வோர் அறையிலும் கதையின் ஒரு பகுதி. பின்னால் கதவு மூடிக்கொள்ளும். அதனால் கழிப்பறைக்குப் போகவேண்டுமானால் முதலிலேயே போய்விடுங்கள். நடுவில் போனால் கதை அறுந்துவிடும், மற்றவர்களும் காத்திருக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வழிகாட்டிகள் கதையை மனப்பாடமாக வைத்திருப்பதால் வேகமாகப் பேசுகிறார்கள். "என் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன், கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசமுடியுமா?" என்று தொடக்கத்திலேயே கேட்டுவிட்டேன். கேட்பதற்கு எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அந்தப் பெண்ணோ மகிழ்ந்துபோய், அதன் பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். திரையில் ஓடும் படங்களை நிறுத்த முடியாதல்லவா. ஆகவே போவதற்கு முந்தின இரவே கதையை ஒருமுறை படித்து, அப்பாவுக்குச் சொல்லிவைத்திருந்தேன். அது பெரிய உதவியாக இருந்தது.

கதை இதுதான். 1846 பிப்ரவரியில் இல்லினாய் மாநிலத்தின் நாவூ என்ற ஊரிலிருந்து மோர்மன்கள் வெளியேறத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர்களது சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்தைச் சிறைக்குள் புகுந்து ஒரு கும்பல் சுட்டுக் கொன்றிருந்தது. வீடு வாசலை விட்டு, மாட்டுவண்டிகளில் மேற்கே போய்க்கொண்டிருந்தவர்கள் அயோவா பகுதியில் கூடாரமடித்துத் தங்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர் மூள்கிறது. ஜேம்ஸ் ஆலன் என்ற ராணுவ அதிகாரி கூடாரங்களுக்கு வந்து, ஐந்நூறு ஆட்கள் வேண்டும் என்கிறார். தங்களைக் காப்பாற்றாத அரசாங்கத்துக்காகச் சண்டைக்குப் போவதா என்று பலருக்கும் கசப்பு. சபைத் தலைவர் பிரிகாம் யங்தான் போங்கள் என்று வலியுறுத்துகிறார். ஜூலை 16 அன்று ஏறத்தாழ ஐந்நூறு பேர் பெயர் கொடுக்கிறார்கள். முப்பதுக்கு மேற்பட்ட பெண்களும் சில டஜன் குழந்தைகளும் கூடவே கிளம்புகிறார்கள். பெண்களில் ஏறக்குறைய இருபது பேர் துணி துவைக்கும் வேலைக்கென்று ராணுவச் சம்பளத்தில் சேர்க்கப்பட்டவர்கள்.

இங்கே அப்பா என் தோளைத் தொட்டு, "ஏன் போனார்கள்?" என்று கேட்டார். நான் விசுவாசம், கட்டளை என்றெல்லாம் சிஸ்டர் சொன்னதை மொழிபெயர்க்க முயன்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்.

பதில் அடுத்த அறையில் கிடைத்தது. லீவன்வொர்த் கோட்டையின் பண்டகசாலை போல அமைத்திருக்கும் அறை அது. ஆகஸ்டு தொடக்கத்தில் பட்டாளம் அங்கே வந்து துப்பாக்கி வாங்கிக்கொண்டது. ஓராண்டுக்கான உடுப்புப் படியாக ஆளுக்கு 42 டாலர் ரொக்கமாகக் கொடுத்தார்கள். சீருடை வாங்க வேண்டிய பணம். அவர்கள் சீருடை வாங்கவில்லை. உடுத்தியிருந்த துணியோடே நடப்பது என்று முடிவுசெய்து, பணத்தில் பெரும்பகுதியைக் கூடாரங்களில் விட்டுவந்த குடும்பங்களுக்கும் சபைக்கும் அனுப்பிவிட்டார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 7 டாலர். ஆக, 42 டாலர் என்பது ஆறு மாதச் சம்பளம்.

இதைச் சொன்னதும் அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. "மணியார்டர்" என்றார், ஒற்றைச் சொல்லாக.

அறுபதுகளில் அப்பாவின் சித்தப்பா ஒருவர் பட்டாளத்துக்குப் போனார். ஒவ்வொரு மாதமும் தபால்காரர் வருகிற நாளில் ஆச்சி திண்ணையை விட்டு எழுந்திருக்கமாட்டாராம். அந்தப் பணத்தில்தான் வீட்டின் கூரை ஓடு ஆனது, அப்பா எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தார். சித்தப்பா எந்த எல்லையில் நின்றார், எந்தச் சண்டையைப் பார்த்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பணம் வந்த தேதிகள் மட்டும் எல்லாருக்கும் தெரியும். சிஸ்டரிடம் இதை ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு நிமிடம் மனப்பாட வாக்கியத்தை விட்டுவிட்டு, "அப்படியானால் உங்கள் அப்பாவுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை" என்றார்.

அதன் பிறகு அப்பா எனக்காகக் காத்திருக்கவில்லை. அவராகவே பார்த்துக்கொண்டு போனார்.

நடந்த தூரம் கிட்டத்தட்ட 2,000 மைல். "கன்னியாகுமரியிலிருந்து டில்லிக்குப் போகும் தூரமா?" என்று மகன் கேட்டான். அதைவிட அதிகம், 3,200 கிலோமீட்டர். சேர்த்துக்கொண்டுபோன ஜேம்ஸ் ஆலன் லீவன்வொர்த்திலேயே நோயில் இறந்துவிட்டார். ராணுவ மருத்துவர் யார் எந்த நோய் என்று வந்தாலும் பாதரச மருந்தான கேலமலைத் துருப்பிடித்த கரண்டியில் ஊற்றி விழுங்கவைப்பாராம். படைவீரர்கள் அவரை எமனாகவே பார்த்தார்கள். சாண்டா ஃபே வந்ததும் பிலிப் செயின்ட் ஜார்ஜ் குக் என்ற கண்டிப்பான அதிகாரி பொறுப்பேற்கிறார். நோயாளிகளையும் பெரும்பாலான பெண்களையும் குழந்தைகளையும் இன்றைய கொலராடோவில் இருக்கும் பியூப்ளோவுக்கு அனுப்பிவிட்டு, அக்டோபர் 19 அன்று மற்றவர்களோடு பாலைவனத்தை நோக்கிக் கிளம்புகிறார். துப்பாக்கி தூக்குவதைவிடப் பாதை போடுவதுதான் வேலை. வண்டிகள் போகிற மாதிரி ஒரு சாலையைக் கலிஃபோர்னியா வரை வெட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது உத்தரவு.

கடைசிவரை நடந்து வந்து சேர்ந்த பெண்கள் நான்கு பேர்: மெலிசா கோரே, லிடியா ஹன்டர், ஃபீபி பிரவுன், சூசன் டேவிஸ். அவர்களில் லிடியா ஹன்டர் கர்ப்பிணியாக நடந்தவர். 1847 ஏப்ரலில் சான் டியேகோவில் அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஊரின் பெயரையே வைத்தார்கள், டியேகோ. குழந்தை பிறந்த சில நாட்களில் தாய் இறந்துவிட்டார். இந்த வரியைச் சிஸ்டர் வேகமாகச் சொல்லிக் கடந்துபோனார். எனக்கு அந்த அறையை விட்டு வரவே கொஞ்ச நேரமாயிற்று.

பாலைவன அறையில் ஒரு முதுகுச்சுமையை எடுத்து மாட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். மகன் மாட்டிக்கொண்டு இரண்டு அடி வைத்துவிட்டு, "இதோடு தினமும் எவ்வளவு நடப்பார்கள்?" என்று கேட்டான். சில நாட்கள் இருபது மைலுக்கு மேல் என்றார் சிஸ்டர். நான் படித்துவந்த ஒன்றையும் அவனுக்குச் சொன்னேன். காலணி தேய்ந்து போனபோது, செத்த மாட்டின் பின்னங்காலில் முட்டிக்கு மேலும் கீழும் வட்டமாக அறுத்து, அந்தத் தோலைக் குழாய் போல உருவி, ஒரு முனையைத் தைத்துக் காலில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அவன் தன்னுடைய ஷூவைப் பார்த்துக்கொண்டான். அடுத்த ஒரு வாரம் புது ஷூ வேண்டும் என்ற பேச்சே எழவில்லை. அந்த வகையில் எனக்கு நேரடி லாபம்.

போர் என்று ஒன்று நடந்ததா? நடந்தது, காளைகளோடு. 1846 டிசம்பர் 11 அன்று, இன்றைய அரிசோனாவில் சான் பெட்ரோ ஆற்றங்கரையில், கைவிடப்பட்ட பண்ணைகளிலிருந்து தப்பிக் காட்டு மாடுகளாகிவிட்ட காளைகள் படைமீது பாய்ந்தன. சிலருக்குக் காயம், கோவேறு கழுதைகள் சில செத்தன. அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் பிறந்த மனிதருக்கு இதை மொழிபெயர்ப்பது எவ்வளவு சுகம் தெரியுமா! "வாடிவாசல் இல்லாமலா?" என்று கேட்டார். சில நாட்கள் கழித்து டூசானை நெருங்கியபோது, அங்கிருந்த மெக்சிகோப் படை ஊரை விட்டு விலகிவிட்டதால் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஹீலா ஆற்றில் வண்டிப்பெட்டிகளை இணைத்துத் தெப்பம் கட்டி உணவுப்பொருளை ஏற்றிவிட்டார்கள். தெப்பம் மணல்திட்டில் தட்டி, மாவில் பெரும்பகுதி போயிற்று. கொலராடோ ஆற்றைக் கடந்த பிறகு தண்ணீர் கிடையாது. மணலில் கிணறு தோண்டிக்கொண்டே நடந்தார்கள்.

1847 ஜனவரியில் ஒரு மலையிடுக்கில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவில் வண்டியின் அகலம்கூட இல்லை. ஒழுங்கான கருவிகளும் கையில் இல்லை. கோடரியாலும் கடப்பாரையாலும் பாறையின் பக்கங்களைச் செதுக்கி அகலப்படுத்தி, ஒரு வண்டியைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு, மற்றவற்றை நெருக்கித் தள்ளிக் கடந்தார்கள். அந்த இடம் இன்றும் இருக்கிறது, அன்சா பொரேகோ பாலைவனப் பூங்காவில். பெட்டி இடுக்கு என்று பொருள்படும் பெயர். ஜனவரி 29 அன்று சான் டியேகோ வந்து சேர்ந்தபோது கலிஃபோர்னியாவில் சண்டை முடிந்தே போயிருந்தது. காலாட்படையின் நடைகளில் இதற்கு இணையானதை வரலாற்றில் தேடினாலும் கிடைக்காது என்று குக் மறுநாள் உத்தரவில் எழுதினார். படையினரோடு கண்டிப்பாக நடந்துகொண்ட ஆள் அவர். அவர் வாயால் அப்படி வந்தது என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டுதான்.

இந்த இடத்தில் ஒரு குறை சொல்லவேண்டும். கதையை நடத்துகிறவர்களின் கதை இது. பிரார்த்தனை செய்தார்கள், மழை வந்தது, வாக்களித்தபடியே ஒருவரும் போரில் சாகவில்லை என்ற வரிசையில்தான் ஒவ்வொரு நிகழ்ச்சியும் வந்து உட்காருகிறது. அது அவர்கள் நம்பிக்கை, அவர்கள் கட்டிடம். அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் மாட்டப்பட்ட படங்களில் பேசாதவர்களும் உண்டு. நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்ததை என் மகன் கேட்டுவிட்டான்: "அப்போது இந்த ஊர் யாருடையது?"

மெக்சிகோவுடையது என்றார் சிஸ்டர். கொஞ்சம் நிறுத்தி, "அதற்கு முன்பும், அப்போதும்கூட, இங்கத்திய பூர்வகுடிகளான குமியாய் மக்களுடையது" என்றார். பிறகு, பட்டாளம் வந்துகொண்டிருந்த வழியில் டெமெக்குலாவில் லூயிசெனோ என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் கொல்லப்பட்ட தங்கள் உறவினர்களைப் புதைத்துக்கொண்டிருந்ததைப் படைவீரர்கள் பார்த்ததைப் பற்றியும் சொன்னார். இது திரையில் ஓடிய படத்தில் வரவில்லை, கேட்டதால் வந்தது. ஆகவே கேளுங்கள். அந்தப் பெண்கள் நிறையப் படித்திருக்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் கேள்வி கேட்காததால் அது அப்படியே உள்ளே இருக்கிறது.

மதம் மாற்றப் பார்ப்பார்களா என்று நண்பர்கள் என்னிடம் கேட்டார்கள். கடைசி அறையில், எங்கள் நம்பிக்கையைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள விருப்பமா என்று ஒருமுறை கேட்டார்கள். வேண்டாம், நன்றி என்றேன். அதோடு சரி. நடுவில் பழைய கால உடையில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அதை அனுப்ப மின்னஞ்சல் முகவரி கேட்டபோது, கடைகளுக்குக் கொடுப்பதற்கென்று வைத்திருக்கும் முகவரியைக் கொடுத்தேன். படம் வந்தது, வேறு தொந்தரவு வரவில்லை. படத்தில் அப்பா தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறார். அவரது வேட்டியை மறைக்க முடியவில்லை. 42 டாலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சொந்தத் துணியோடு நடந்த பட்டாளம்தானே, வேட்டி கட்டிய ஒருவர் இருந்தால் என்ன?

பிறகு பின்முற்றத்துக்கு வந்தோம். பிள்ளைகளுக்கு இதுதான் விருந்து. தண்ணீர்த் தொட்டியில் தட்டை வைத்து மணலை அலசித் தங்கத்துகள் தேடலாம். தங்கத்துக்கும் பட்டாளத்துக்கும் என்ன தொடர்பு என்றால், இருக்கிறது. 1847 ஜூலை 16 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பட்டாளம் கலைக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பும் வழியில் சிலர் சட்டர் என்பவரின் மர அறுவை ஆலைக் கட்டுமானத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். 1848 ஜனவரி 24 அன்று அங்கே தங்கம் கிடைத்தபோது கூட இருந்தவர்களில் ஒருவர் ஹென்றி பிக்லர், பட்டாளத்துக்காரர். அவருடைய நாட்குறிப்பை வைத்துத்தான் அந்தத் தேதி உறுதியானது.

மகன் அலசிக்கொண்டிருந்தான். அப்பாவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், செங்கல் செய்து காட்டும் இடத்தில் குந்தியிருந்தார்.

அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் காளவாசல் வைத்திருந்தவர். மர அச்சைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். உள்விளிம்பை விரலால் தடவினார். இன்னொரு சிஸ்டர் மண்ணை அச்சில் போட்டுத் தட்டிக் காட்ட வந்தபோது, "இரு தாயி" என்று தமிழிலேயே சொல்லிக் கையைக் காட்டித் தடுத்தார். தரையில் கிடந்த மணலை ஒரு பிடி அள்ளி, அச்சின் உள்ளே நான்கு பக்கமும் தூவி, மிச்சத்தைக் கவிழ்த்துக் கொட்டினார். மண்ணை உருட்டி, ஒரே வீச்சில் அச்சுக்குள் அடித்தார். மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்தினார். மேலே மிஞ்சியதை ஒரு குச்சியால் வழித்தெடுத்து, அச்சைக் கவிழ்த்து மெல்லத் தூக்கினார். கல் வழுக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தது, நான்கு மூலையும் கத்தி போல. "மணல் தூவாமல் அறுத்தால் கல் அச்சை விட்டு வராது, மூலை பிய்ந்துவிடும் என்று சொல்லு" என்றார் என்னிடம். சொன்னேன். அந்தப் பெண் ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

இந்தச் செங்கல்லுக்கும் கதை உண்டு. சான் டியேகோவில் நிறுத்தப்பட்டது 'பி' என்ற ஒரு பிரிவு. சண்டை இல்லை, சம்பளம் குறைவு, ஊரோ சில நூறு பேர் வாழ்ந்த சிற்றூர். அங்கிருந்த வீடுகளெல்லாம் சுடாத மண்கல்லில் கட்டியவை. படையினர் வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள், கிணறு வெட்டினார்கள், களிமண் எடுத்துக் கல் அறுத்துச் சூளை போட்டார்கள். கலிஃபோர்னியாவில் அமெரிக்கர்கள் சுட்ட முதல் செங்கற்கள் இவை என்கிறார்கள். முதலில் மோர்மன்கள் வருகிறார்கள் என்று பயந்த ஊர்க்காரர்கள், கடைசியில் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். சிஸ்டர் சொன்ன அற்புதங்கள் எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் அற்புதமாகத் தெரிகிறது. நாட்டைப் பிடிக்க வந்த படை, பிடிக்கப்பட்ட ஊருக்குக் கிணறு வெட்டிக்கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. பேசும் படங்களுக்கு மயங்கி இந்த முற்றத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். வீட்டில் கைவேலை தெரிந்த பெரியவர்கள் இருந்தால் அவசியம் அழைத்துப்போங்கள். மொழி தெரியாதே என்று வீட்டில் விட்டுப்போவது அவர்களுக்கு மட்டுமல்ல, அருங்காட்சியகத்துக்கும் நஷ்டம்.

மதியச் சாப்பாட்டுக்குச் சுற்றிலும் மெக்சிகோ உணவகங்கள் இருக்கின்றன. சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மசித்த பீன்ஸைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில் தாளிக்கிறார்கள். அப்பாவுக்கு வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம் கொண்டுபோயிருந்தேன். முதல் முறை பட்டது போதும்.

மேலே பிரசிடியோ பூங்காவிலும் பட்டாளத்து வீரர் ஒருவரின் சிலை இருக்கிறது. 1769-இல் ஸ்பானியர்கள் கோட்டை கட்டிய குன்று அது. மூட்டுவலிக்காரர்கள் நடந்து ஏற வேண்டாம். நாங்கள் ஏறவில்லை. அதற்குப் பதிலாகச் சமதளத்திலேயே நடந்து, பழைய நகரச் சதுக்கத்துக்கு அருகே இருக்கும் முதல் நீதிமன்றக் கட்டிடத்துக்குப் போனோம். பட்டாளத்தார் 1847-இல் தங்கள் செங்கல்லால் கட்டியது. 1872-இல் தீயில் அழிந்தது. இப்போது நிற்பது 1992-இல் பழைய இடத்திலேயே மறுபடி எழுப்பியது. இதற்கும் கட்டணம் இல்லை. சின்னக் கட்டிடம்தான், பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அப்பாவுக்கு அரை மணி ஆயிற்று. வீட்டுச் சாவியை எடுத்துச் சுவரில் ஒரு கல்லைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். நாலு கல் தள்ளி இன்னொன்றைத் தட்டினார். காவலர் யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று நான் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தீயில் அழிந்துபோனது என்றா எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"சுட்ட கல்லை நெருப்பு என்ன செய்யும்? அது ஏற்கெனவே நெருப்பைப் பார்த்ததுதானே. கூரையும் உத்தரமும் எரிந்திருக்கும், சுவர் நின்றிருக்கும். கல்லை ஊர்க்காரர்கள்தான் பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்கள்" என்றார். தன் ஊரில் அப்படிப் போன கற்களை நேரில் பார்த்தவர் சொல்கிற உறுதி அதில் இருந்தது.

மகன் சாவியை வாங்கித் தானும் தட்டிப் பார்த்தான். வாசல் நிழலில் உட்காரப் போன அப்பா, பாதியில் நின்று திரும்பினார்.

"இங்கே ஒரு கல் என்ன விலை?"

போனில் தேடிச் சொன்னேன். மனதுக்குள் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தவர், டிராலி நிலையத்துக்குக் கிளம்பும்வரை பேசவே இல்லை.